ஏகவல்லி வீட்டுப் பின்சுவர்

ஹோம் தியேட்டரின் பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் ரிசீவரோடு ஜோடி சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏகவல்லி வீட்டுப் பின்சுவர் தள்ளிப்போனது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த வீட்டு ஆட்களும் கேபிள் சாமுவேலும்தான். யாரும் கத்தவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் சொன்னது "அப்பாடா" என்ற ஒரு வார்த்தை.

அந்த வீட்டில் ஒருநாள் இருந்தவர்களுக்கு அந்த அப்பாடாவின் அர்த்தம் புரியும். ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்தபோது சட்டிபானையோடு லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தோரம் எழும்பியிருந்த அடுக்குமாடிகளில் இறக்கிவிடப்பட்ட சனங்களில் ஏகவல்லி குடும்பமும் ஒன்று. ஜி பிளாக், ஐந்தாவது மாடி. ஹால் என்று பேர் வைத்த ஓர் அறை, ஓர் ஆள் உள்ளே போக இன்னோர் ஆள் வெளியே வரவேண்டிய சமையலறை. ஹாலில் மகன் ஏழுமலையும் மருமகள் ஹேமாவதியும் கைக்குழந்தையும் படுத்தார்கள். புருஷன் தேசிங்கு, கீழே நிறுத்தியிருக்கும் தன் ஆட்டோவின் பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தார். ஏகவல்லி சமையலறையில், தலை அரிசி டின்னில் இடிக்கக் கால் கேஸ் சிலிண்டரில் இடிக்க, ஒருக்களித்துப் படுத்தாள். பிறந்தது முதல் அவள் மல்லாந்து, கையைக் காலை விரித்துப் படுத்தது கிடையாது. பிறந்த வீட்டிலும் கிடையாது, கட்டிக்கொண்டு வந்த இடத்திலும் கிடையாது, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறப்போன அன்றைக்கும் கட்டிலில் இன்னொருத்தி இருந்தாள்.

ஹோம் தியேட்டர் அவள் சமையல் வேலை பார்த்த அடையாறு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது, "எடுத்துட்டுப் போங்க ஏகவல்லி, எங்களுக்கு இது வேண்டாம்" என்றாள் அந்த அம்மா. சத்தத்தை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிற, கறுப்பாய் ஒரு ரிசீவர், டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற மூன்று ஸ்பீக்கர், தும் தும் என்று அடிவயிற்றில் அடிக்கிற ஒரு பெட்டி, உட்காருகிறவர்களுக்கு முதுகுப்பக்கம் வைக்கிற வயர் இல்லாத இரண்டு ஸ்பீக்கர். "பின்னாடி வைக்கிற ரெண்டும் எங்க வீட்டுல ஒருநாள் கூட வேலை செய்யல. சும்மா அழகுக்கு வெச்சுக்கோங்க." அந்த வீட்டின் பின்னால் தோட்டம் வரைக்கும் காலியிடம் இருந்தது, அங்கே பாடாத ஸ்பீக்கர் இங்கே எங்கே பாடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் ஏகவல்லி அதை ஆட்டோவில் ஏற்றினாள்.

கேபிள் சாமுவேல் ஜி பிளாக் முழுவதற்கும் கேபிள் இழுப்பவன். வந்தவுடன் எல்லாவற்றையும் தரையில் பரப்பினான்.

"வயர் இல்லேன்னாங்க, இதுல வயர் தொங்குதே?" என்றாள் ஏகவல்லி.

"இது கரண்ட் வயருக்கா. பாட்டு வர்ற வயர்தான் இல்ல. பாட்டு காத்துல வரும்." ரிசீவரின் முதுகில் விரல் நீளத்தில் ஒரு குச்சியைச் செருகினான். "இந்தக் குச்சி சத்தத்த அனுப்பும், பின்னால கீற ஸ்பீக்கர் புடிச்சுக்கும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான். தெரிஞ்சிக்கிற வரைக்கும் லைட்டு மினுக்கும். தெரிஞ்சிக்கிச்சுன்னா நின்னு எரியும்."

லைட் மினுக்கியது. ரிசீவரின் பட்டனை அழுத்தினான், ஸ்பீக்கரின் பட்டனை அழுத்தினான், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான், குச்சியைப் பிடுங்கி ஊதிச் செருகினான். லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. சாமுவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அறையைப் பார்த்தான்.

"உக்கார்ற எடத்துக்குப் பின்னால எடம் வேணும்க்கா இதுக்கு. இங்க பின்னால இன்னா கீது? கட்டிலு, கட்டிலுக்குப் பின்னால செவுரு."

ஏகவல்லி கட்டிலை ஒரு சாண் முன்னால் இழுத்தாள். சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் இரண்டு கரண்ட் வயரையும் சொருகி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்பீக்கர்களை நுழைத்து நிறுத்தினாள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் எப்போதும் சொல்வதைத்தான் அவற்றிடமும் சொன்னாள்: "இருக்குற எடத்துல ஒண்டிக்கோங்க, இன்னா பண்றது."

மினுக்கிய நீல லைட் இரண்டும் நின்று எரிந்தன.

டிவியில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது, படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழைச் சத்தம் முன்னாலிருந்து கிளம்பி, தலைக்கு மேலே கடந்து, முதுகுப்பக்கம் போய் விழுந்தது. அப்போது சுவர், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவன் விருந்தாளியைப் பார்த்ததும் தள்ளி உட்காருவதுபோல, கொஞ்சம் பின்னால் போனது. போதாதென்று நினைத்தோ என்னவோ இன்னும் கொஞ்சம் போனது. மாட்டியிருந்த காலண்டரோடும் பிளக் பாயிண்டோடும் ஸ்பீக்கர் இரண்டோடும், அவசரமில்லாமல், சத்தமில்லாமல், மழை எவ்வளவு தூரம் கேட்டதோ அவ்வளவு தூரம் போய், கடைசியில் நீல லைட் இரண்டும் விடியற்காலை நட்சத்திரம் மாதிரித் தெரிகிற இடத்தில் நின்றது.

தரையில் அதே வெள்ளை டைல்ஸ் தொடர்ந்து போனது. டியூப்லைட் வெளிச்சம் எட்டுகிற மட்டும் எட்டி, அதற்கு அப்பால் விடிவதற்குச் சற்று முன்னால் இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம் தானாகவே இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஹேமாவதி, அந்தப் பக்கம் நடந்துபோய், ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் புடவைத் தலைப்பு எதிலும் மாட்டவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ரமீஜா வீடு. விஷயம் காதில் விழுந்ததும், "இன்னாடி, என் வூட்டுக்குள்ள பூந்துட்டீங்களா?" என்று ஓடிவந்தாள். பார்த்தாள். திரும்பித் தன் வீட்டுக்கு ஓடினாள். அங்கே அவள் பீரோ வைத்த இடத்தில் இருந்தது, சுவரும் இருந்தது, சுவரைத் தட்டிப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. மறுபடியும் வந்தாள்.

"அங்க என் செவுரு கீது. இங்க உன் செவுரு இல்ல."

"ஆமா ரமீஜா."

"அப்ப யாருக்கும் நஷ்டமில்ல." ரமீஜா இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் அந்த விஸ்தாரத்தைப் பார்த்தாள். "ஏகவல்லி, என் தையல் மெஷின இங்க கொண்டாந்து போட்டுக்கட்டுமா? அங்க துணிய விரிச்சு வெட்ட முடியல."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. தையல் மெஷினுக்குப் பின்னால் பிளஸ் டூ படிக்கிற பெண்கள் புத்தகத்தோடு வந்தார்கள். ராத்திரி வேலை முடித்து வந்து, பகலில் படுக்க இடமில்லாமல் படிக்கட்டில் தூங்கிக்கொண்டிருந்த செக்யூரிட்டிக்காரர்கள் பாயோடு வந்தார்கள், ஏ.டி.எம்மில் காவல் இருக்கும் தெய்வசிகாமணி அவர்களில் மூத்தவர், அவர் குறட்டைக்கென்று ஒரு தனி மூலை ஒதுக்கப்பட்டது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்ப் புடவை கட்டி மறைத்துக்கொண்டார்கள், அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது யாரும் சொல்லாமலே ஏற்பட்ட சட்டம். சண்டை போட்டவர்கள் பேசாமல் இருப்பதற்கு வந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் வந்து, கூப்பிடு தூரம் போய் உட்கார்ந்து, ஆசைதீர அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏகவல்லியிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "ரொம்ப நாளா அழணும்னு இருந்தேன்க்கா. எடம் கெடைக்கல."

எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு இடம் என்பதைச் சனங்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். செய்தி வாசித்தால் சுவர் கட்டில் வரைக்கும் வந்துவிடும், ஏனென்றால் அந்தச் சத்தம் முன்னாலிருந்து மட்டும்தான் வரும். சண்டைப்படத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு விரியும், ஆனால் நிலைக்காது. மழைதான் எல்லாவற்றிலும் பெரியது. அதனால் சாமுவேல் ஒரு பென் டிரைவில் வெறும் மழையை ஏற்றிக்கொண்டு வந்து ரிசீவரில் செருகினான். அந்தக் கோடை முழுக்க வெளியே தார் உருகும் வெயில் அடிக்க, ஏகவல்லி வீட்டுக்குள் மழை பெய்தது. ஒரு சொட்டும் நனைக்காத மழை. ஆனாலும் உள்ளே நுழைகிற பெண்கள் பழக்கதோஷத்தில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

ஆக்கிரமிப்பு என்று யாரோ எழுதிப்போட்டதால், வீடு கொடுத்த வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கட்டடத்தை வெளியே சுற்றி வந்து பார்த்தார், ஒரு செங்கல்லும் வெளியே நீட்டவில்லை. உள்ளே வந்து பார்த்தார். "இது யார் இடம்?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "யார் இடத்தையாவது எடுத்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்றார்கள். அவர் யோசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார், அங்கேயே நின்றார், பிறகு தரையில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் லீவு நாளில் ஷூவைக் கீழேயே கழற்றிவிட்டு வந்து, பேப்பர் படித்துவிட்டுப் போனார்.

ஒரேயொரு தரம்தான் பயம் தட்டியது. ஒருநாள் கரண்ட் கண்சிமிட்டி வந்தது. சிமிட்டின நேரத்தில் சுவர், போனபோது போனதுபோல் நிதானமாக வராமல், கிளம்பின பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருகிறவனைப் போல் ஓடிவந்தது. உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு கட்டிலைத் தாண்டினார்கள். ஹேமாவதி தூளியில் போட்டிருந்த குழந்தை மட்டும் உள்ளேயே இருந்தது; அரண்டு வீறிட்டு அழுதது. அழுத இடத்துக்கு ஓரடி தள்ளிச் சுவர் நின்றுவிட்டது. கரண்ட் வந்ததும் திரும்பிப்போனது. நல்லவேளை என்றார்கள், குழந்தைக்குத் திருஷ்டி சுற்றினார்கள். குழந்தை அழுததால்தான் சுவர் நின்றது என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஏகவல்லிக்கு மட்டும் அது மனசில் எங்கேயோ உறுத்தியது, சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, ரிசீவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவானது. கரண்ட் மினுக்கினால் உடனே குரல் கொடுக்க வேண்டும். யார் உட்காருவது? வீடு ஏகவல்லியுடையது. அவள் உட்கார்ந்தாள். காலையில் புது வீடு ஒன்றில் சமைத்துவிட்டு ஓடிவருவாள், பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ரிசீவரின் பக்கத்தில் உட்காருவாள், கடைசி ஆள் வெளியே போகிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டாள். ஜி பிளாக்கே அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் காலை நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் அது பெருமையாக இருந்தது. பிறகு முழங்கால் வலித்தது. சுவர் போன நாளிலிருந்து அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை என்பது ஒருநாள் அவளுக்கே உறைத்தது.

"எல்லாருக்கும் எடம் கெடைச்சுது. எனக்கு மட்டும் இந்த ஸ்டூலு," என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதால் கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று தேசிங்குவுக்குத் தெரியவில்லை.

தேசிங்கு அவளை அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், ஆனால் கட்டின நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "இந்தாமே" என்பார். அன்றைக்கு அவர் ஆட்டோ சாவியை ஆணியில் மாட்டினார், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இந்தாமே, போ. போய்ட்டு வா. நான் உக்காந்துக்கறேன்."

"இப்பவா?"

"பின்ன எப்போ?"

ஏகவல்லி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றிப் போனாள். மழை பெய்தது. துணி வெட்டிக்கொண்டிருந்த ரமீஜா நிமிர்ந்து, "வந்துட்டியாடி கடைசில" என்று சிரித்தாள். படிக்கிற பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். மடக்கவேண்டிய அவசியமே இல்லை, வழி அவ்வளவு அகலம். தெய்வசிகாமணியின் குறட்டையைத் தாண்டினாள். கட்டியிருந்த புடவைகளைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினாள். அதற்கு அப்பால் யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் அவள் நடந்தாள். தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, யார் வீட்டிலோ கேட்காமல் நுழைந்துவிட்டது போல. போகப்போக மழை பலத்தது. நீல லைட் இரண்டும் பெரிதாயின. சுவரையும் காலண்டரையும் தொட்டாள். காலண்டரில் தாள் கிழிக்காமல் ஹோம் தியேட்டர் மாட்டின தேதியிலேயே இருந்தது.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அவள் மல்லாந்து படுத்தாள். முதலில் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் படுத்தாள். பிறகு ஒரு கையை நீட்டினாள். இன்னொரு கையையும் நீட்டினாள். காலை அகட்டினாள். அரிசி டின் இடிக்கவில்லை, சிலிண்டர் இடிக்கவில்லை, யாருடைய முழங்கையும் முழங்காலும் இடிக்கவில்லை. தன் உடம்பு இவ்வளவு நீளமா, இவ்வளவு அகலமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூச்சை இழுத்தாள், அது எங்கெங்கேயோ போய் நிறைந்தது. காதின் இரண்டு பக்கமும் மழை பெய்தது.

மழை நின்றது.

நீல லைட் இரண்டும் அணைந்திருந்தன. தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் அவள் இருந்த தூரத்துக்குக் கேட்கவேயில்லை. அவளுக்குத் தெரிந்தது, தலைமாட்டில் இருந்த சுவர் தன் தலைமுடியைத் தொட்டது என்பதுதான். எழுந்து நின்றாள். வாசற்கதவு தீப்பெட்டி அளவுக்கு, வெள்ளையாக, அவ்வளவு தூரத்தில் தெரிந்தது. அதை நோக்கி நிழல் நிழலாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவர் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளியது.

அப்போது அந்தத் தீப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் அது யாரைக் கூப்பிடுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஏகவல்லீ!"

தேசிங்குவின் குரல்.

"இருக்கேன்!" என்று கத்தினாள்.

சுவர் நின்றது.

வாயை மூடினாள். சுவர் நகர்ந்தது. "இருக்கேன்!" என்றாள் மறுபடியும். சுவர் நின்றது. தூளியில் அழுத குழந்தை அவளுக்கு ஞாபகம் வந்தது. கரண்டும் இல்லை, ரிசீவரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. பின்னாலிருந்து சத்தம் வருகிற வரைக்கும்தான் பின்னால் இடம் இருக்கும். எல்லோருக்கும் பின்னால் இருக்கிறவள் அவள்தான். அவள் வாயை மூடினால், முன்னால் ஓடுகிற அத்தனை பேர் மேலேயும் சுவர் ஏறிவிடும்.

என்ன கத்துவது? சும்மா கத்தினால் மூச்சு முட்டும். வாய்க்கு வந்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ரமீஜா!"

"வந்துட்டேன்டீ!" வெளிச்சத்துக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பேர் போய்ப் பதில் திரும்புகிற வரைக்கும் சுவர் அசையவில்லை என்பதைக் கவனித்தாள். நடக்க ஆரம்பித்தாள். படிக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள், ஒவ்வொருத்தியும் பதில் சொன்னாள். புடவைக்குப் பின்னால் இருந்த ஜோடிகளைக் கூப்பிட்டாள், வெட்கத்தோடு பதில் வந்தது. அவள் ஓரடி வைத்தால் சுவரும் ஓரடி வைத்தது. கயிறு இல்லாமலே பின்னால் வரும் மாடு மாதிரி, மூச்சு விடுவதுபோல் ஒரு காற்று அவள் பிடரியில் பட, விட்டுப்போன பாய், புத்தகம், கட்டின புடவை எல்லாவற்றையும் துடைப்பம் மாதிரிப் பெருக்கிக்கொண்டு அது அவள் பின்னால் வந்தது.

"தெய்வசிகாமணி அண்ணே!"

பதில் இல்லை.

சுவர் அவள் தோளில் இடித்தது. "அண்ணே! தெய்வசிகாமணி அண்ணே!" இருட்டில் எங்கேயோ குறட்டை மட்டும் கேட்டது. தான் சமைத்த வீடுகளில் எல்லாம் "கொஞ்சம் மெல்லப் பேசுங்க ஏகவல்லி" என்று சொல்லிச் சொல்லி உள்ளே தள்ளிவைத்திருந்த குரல் அத்தனையும் அடிவயிற்றிலிருந்து ஒன்றாகக் கிளம்பியது. "யோவ் தெய்வசிகாமணீ!"

குறட்டை அறுந்தது. "டூட்டில தாம்மா கீறேன்!" என்று அலறியடித்துக்கொண்டு எழுந்து, அவர் வேட்டியைக் கையில் பிடித்தபடி ஓடினார்.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். ஆனால் கதவு இன்னும் தூரத்தில் இருந்தது, பேர் தீர்ந்துவிட்டது. ஏகவல்லி நிற்கவில்லை. வெளியே இருந்தவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். நாலாவது மாடிக்காரர்களை வீடு வீடாகக் கூப்பிட்டாள், மூன்றாவது மாடிக்காரர்களைக் கூப்பிட்டாள், அழுதுவிட்டுப் போன அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள், தண்ணீர்க்குழாயில் தன்னோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவளைக் கூப்பிட்டாள். தாழ்வாரத்திலும் படிக்கட்டிலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற சனம், "இருக்கேன்!" "இருக்கேன்கா!" "இங்கதாம்மா இருக்கேன்!" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தது. பேச்சை நிறுத்தியவளும் சொன்னாள். சாமுவேல் சொன்னான். மகனும் மருமகளும் சொன்னார்கள். பேர் முன்னால் போவதும் பதில் பின்னால் வருவதுமாக அந்த அறை மூச்சுவிட்டது.

கட்டிலுக்குப் பத்தடி இருக்கும்போது எல்லாப் பேரும் முடிந்தது. ஒரேயொரு பேர் பாக்கி இருந்தது. அதை அவள் ஜன்மத்தில் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகனைச் சொல்லச்சொல்லுவாள். சுவர் அவள் குதிகாலைத் தொட்டது.

"தேசிங்கு!"

ஜி பிளாக்கே வாயில் கை வைத்தது.

"இருக்கேன்டி!" என்றார் தேசிங்கு, கையை நீட்டி அவளைக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் இழுத்தார். சுவர் வந்து கட்டிலில் ஒருமுறை லேசாக இடித்து நின்றது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பாயும் புத்தகமும் புடவையும் தையல் மெஷினும் ஒன்றன்மேல் ஒன்று குவிந்திருந்தன. அதன் உச்சியில் இரண்டு ஸ்பீக்கரும் உட்கார்ந்திருந்தன.

சாயங்காலம் கரண்ட் வந்தது. சாமுவேல் பட்டனை அழுத்தினான், குச்சியைப் பிடுங்கி ஊதிச் செருகினான். நீல லைட் மினுக்கியது, நின்று எரியவேயில்லை. சனங்கள் அவரவர் பாயைத் தேடி எடுத்துக்கொண்டு, யாரும் யாரையும் குறை சொல்லாமல், படியிறங்கிப் போனார்கள். தெய்வசிகாமணி படிக்கட்டில் பாயை விரித்தார். ஏகவல்லி தொண்டை கட்டிப்போய், வெந்நீர் குடித்துவிட்டு, சமையலறையில் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் ரமீஜா கதவை இடித்தாள்.

"வாடி, வந்து பாரு."

அவள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இடம் இருந்தது. ஓர் ஆள் மல்லாந்து, கையைக் காலை விரித்துப் படுக்கிற அளவு இடம். ரமீஜா அதில் படுத்துக் காட்டினாள். அதற்குள் கீழ் மாடியிலிருந்து கூச்சல் கிளம்பியது, அதற்குக் கீழிருந்தும் கிளம்பியது. பதில் சொன்னவர்கள் வீட்டிலெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பின்சுவர் ஓர் ஆள் அளவுக்குத் தள்ளியிருந்தது. கரண்ட் தேவையில்லை, மழை தேவையில்லை, யாரும் காவல் உட்கார வேண்டியதில்லை. தேசிங்கு மேலே வந்து, தன் வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மகனும் மருமகளும் பதில் சொன்னதற்கான இடம் போக, அவர் கூப்பிட்டு ஏகவல்லி பதில் சொன்னதற்கு ஓர் ஆள் இடம், அவள் கூப்பிட்டு அவர் பதில் சொன்னதற்கு ஓர் ஆள் இடம் இருந்தது. அவர் ஆட்டோவிலிருந்து தலையணையை எடுத்துவரப் போனார்.

மதியம் ஏகவல்லி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. தரைத்தளத்தில் கழிவுத்தொட்டியை ஒட்டின வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். யாரோடும் பழகாதவள். அவள் புருஷன், மாமியார், பிள்ளைகள் என்று அந்த வீடு பிதுங்கி வழிவதைப் போகிற வருகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"நேத்து நீங்க கூப்பிட்டப்ப நானும் படிக்கட்டுலதான்க்கா நின்னுட்டிருந்தேன்," என்றாள். புடவை நுனியைச் சுருட்டினாள். "எல்லாப் பேரும் வந்துச்சு. எங்க பேரு வரல. உங்களுக்குத் தெரியாதில்ல, பாவம்."

ஏகவல்லிக்குச் சுருக்கென்றது.

"உன் பேரு இன்னாம்மா?" என்றாள், கம்மின தொண்டையோடு.

"பூங்காவனம்."

"போ. உன் வூட்டுக்குள்ள போய் நில்லு."

அவள் படியிறங்குகிற சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் ஏகவல்லி காத்திருந்தாள். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து, கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் நின்ற தோரணையைப் பார்த்து ரமீஜா வெளியே வந்தாள். மாடிக்கு மாடி கதவு திறந்தது. வெயில் கொளுத்தியது, ஒரு காக்கையும் கத்தவில்லை. தொண்டை இருக்கிறதா போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பூங்காவனம்!"

அந்தப் பேர் ஐந்து மாடியும் இறங்கிப் போனது. கீழேயிருந்து பதில் முதலில் வாய்க்குள்ளேயே வந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா!" என்றாள் ரமீஜா மேலேயிருந்து.

"இருக்கேன்!"

சுவர் ஒன்று நகர்கிற சத்தத்தை ஜி பிளாக் முழுவதும் கேட்டது. கனமான ஒரு பெட்டியைத் தரையோடு தள்ளுகிற மாதிரி, நிதானமாக, வெகுநேரம் நகர்ந்தது. எதிரே எச் பிளாக்கில் ஒரு ஜன்னல் திறந்தது, அதற்குப் பக்கத்து ஜன்னல் திறந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

ஏகவல்லி அவர்களைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுக்காமலே தலையைத் திருப்பி, "ஏழுமலை, கொஞ்சம் வெந்நி கொண்டாடா," என்றாள்.